கைக்கு எட்டுற மரம்

நவம்பர் பாதி தாண்டிட்டா போதும், அண்ணன் மகள்கிட்ட இருந்து போன் வந்துரும். "அத்தை, இந்த வருஷம் உங்க வீட்ல என்ன தீம்?" பாசமாத்தான் கேப்பா. அவ வீட்டு கிறிஸ்மஸ் மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு கலர். ஒரு தடவை நீலமும் வெள்ளியும், அடுத்து ஷாம்பெயின் கோல்டு, அதுக்கடுத்து கிளையெல்லாம் பனி அப்பின மாதிரி வெள்ளை மரம், இப்ப வெல்வெட் ரிப்பன்ல பட்டாம்பூச்சி முடிச்சு போட்டு மேல இருந்து கீழ வரைக்கும் தொங்க விடுறதுதான் எல்லாப் பக்கமும் ஓடுதாம். ஹால்ல இடம் பத்தாதவங்களுக்குன்னு ஒல்லியா நெட்டையா பென்சில் ட்ரீ வந்திருக்கு. சீலிங்ல இருந்து தலைகீழா தொங்குற மரம்கூட வீடியோல காட்டினா. அவ மரம் கட்டுறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், லேசான வேலை இல்ல. கிளை ஒவ்வொண்ணையும் கம்பி தெரியாம விரிச்சு நிமித்தணும், அதுக்கே ஒரு மத்தியானம் போயிரும், அப்புறம் சீரியல் லைட்டை தண்டுப்பக்கம் விட்டு வெளிய எடுத்து சுத்தணும், அப்புறம் ரிப்பன், பெரிய கலர் உருண்டை, அதான் பால், உள்ள தள்ளி, சின்ன பால் நுனில. முடிச்சதும் பாத்தா கண்ணு நிறைஞ்சிரும். அவ உழைப்புமேல எனக்கு மரியாதை இருக்கு, அதை முதல்லயே சொல்லிர்றேன்.

ஆனா போனை வச்சப்புறமும் அந்தக் கேள்வி மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கும். எதுக்கு உறுத்துதுன்னு ரொம்ப நாளா பிடிபடலை. காசு செலவு பண்றாங்கன்னு இல்ல, பண்டிகைக்கு செலவு பண்ணாம எதுக்கு பண்றது. பிளாஸ்டிக் மரம்னும் இல்ல, ஒரு மரத்தை வாங்கி பரண்ல வச்சு பத்து வருஷம் எடுத்து எடுத்து கட்டுற வீடும் எனக்குத் தெரியும். அந்தக் காலம்தான் பொற்காலம்னு பேசுறவளும் நான் இல்ல. போன கிறிஸ்மஸ்க்கு எங்க ஃபிளாட்ஸ்ல நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம்தான் உறுத்தல் எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. அதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க ஊர் மரத்தைச் சொல்லிடணும், இல்லேன்னா நான் ஏன் இவ்வளவு மனசு கனத்துப் போறேன்னு புரியாது.

சவுக்குத் தலையும் பேர் எழுதின பொட்டலமும்

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். செம்மண் தேரி, பனை, உடைமரம், இதுதான் எங்க காடு. எங்க கோயில்ல, சர்ச்சைத்தான் அப்படிச் சொல்லுவோம், டிசம்பர் கடைசி வாரம் கிறிஸ்மஸ் மரம் நடத்துவாங்க, சாயங்காலம் ஆரம்பிச்சா ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடும். கடற்கரைப் பக்கத்துத் தோப்புல இருந்து ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குத் தலையை வெட்டி டிராக்டர்ல போட்டுக் கொண்டு வருவாங்க. பெரிய தகர டின்ல ஈர மணலைக் கொட்டி அதுல நட்டு, சுத்தி செங்கல் அண்டக் குடுத்து ஆல்டருக்கு ஒரு பக்கமா நிப்பாட்டுவாங்க. ஜிகினாத் தாள், கலர் பேப்பர்ல ஒட்டின சங்கிலி, பலூன், உச்சில மூங்கில் குச்சில கட்டின ஸ்டார். கிளை மேல பிச்சுப் பிச்சு வச்ச பஞ்சு. எங்க ஊர்ல பனி பாத்த ஆள் யாரும் கிடையாது, ஆனா பஞ்சு வைக்காம மரம் முடியாது.

இதெல்லாம் மேலாக்க. மரத்தையே மறைக்கிற மாதிரி தொங்குறது பொட்டலம்தான். சண்டே ஸ்கூல் ரிஜிஸ்தர்ல இருக்கிற அத்தனை பிள்ளைங்க பேரும் துண்டுச் சீட்டுல எழுதி, பேப்பர்ல சுத்தி, மேல கலர் தாள் ஒட்டி, நூல்ல கட்டித் தொங்கும். உள்ள ஒரு பென்சில், ரப்பர், சீப்பு, முகம் பாக்குற சின்னக் கண்ணாடி, சடைக்கு ரிப்பன், ரெண்டு கமர்கட்டு, ஒரு கடலை மிட்டாய், இப்படி எதாவது இருக்கும். பாட்டு, டிராமா, ஐயரோட (எங்க பக்கம் பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம்) ஜெபம் எல்லாம் முடிஞ்சு, அவருக்கு உதவியா இருக்கிற உபதேசியார் நீளக் கம்புல கொக்கி கட்டிக்கிட்டு மரத்துக்கிட்ட வருவாரு பாருங்க, அப்ப கோயிலுக்குள்ள ஒரு சத்தம் எழும்பும், அதை எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியலை. பேர் கூப்பிடக் கூப்பிட ஓடணும். மேல இருக்கிறதை அவரு கொக்கி போட்டு இறக்குவாரு, கீழ்க்கிளைல இருக்கிறதை பிள்ளைங்களே அவுத்து எடுத்துக்கலாம். பேர் எழுதாத பொட்டலமும் கொஞ்சம் தொங்கும். லீவுக்கு வந்த பிள்ளைங்களுக்கு, அப்புறம் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கிற பக்கத்துத் தெரு பிள்ளைங்களுக்கு. நம்ம சபையா இல்லையான்னு யாரும் விசாரிக்க மாட்டாங்க. எங்க சண்டே ஸ்கூல் டீச்சரம்மா அதுல ரொம்பக் கறாரு, ஒரு பிள்ளை வெறுங்கையோட போச்சுன்னு தெரிஞ்சா மறுநாள் அவங்களே வீடு தேடிப்போய் குடுத்துட்டுத்தான் வருவாங்க.

எல்லாம் முடிஞ்சு பாத்தா மரத்துல ஒண்ணும் மிச்சம் இருக்காது. நூல் துண்டு, கொஞ்சம் பஞ்சு, வெடிச்ச பலூன் ரப்பர், அவ்வளவுதான். ஐயோ மரம் இப்படி ஆயிருச்சேன்னு யாரும் நினைச்சதே இல்ல. பறிச்சு முடிச்சாத்தான் மரம் நல்லா நடந்துச்சுன்னு பேசிக்குவாங்க. அந்தச் சவுக்கு மறுநாள் ஹாஸ்டல் அடுப்புக்குப் போயிரும்.

சவுக்கைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஊசி ஊசியா இருக்கிறதால அது பைன் சாதின்னு நாங்க எல்லாரும் நினைச்சிருந்தோம். கிடையாது, அது பூ பூக்கிற மரம். ஊசின்னு நினைக்கிறது இலையே இல்ல, பச்சையா இருக்கிற மெல்லிசான குச்சி. கணுக் கணுவா இழுத்தா கழண்டு வரும், அதை மறுபடி செருகி எங்க கழட்டினேன் சொல்லுன்னு விளையாடாத பிள்ளை எங்க பக்கம் கிடையாது. நிஜ இலை அந்தக் கணுவுல சின்னச் செதிலா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பிறந்த இடம் ஆஸ்திரேலியாவும் தென்கிழக்கு ஆசியக் கரையும். விறகுக்கும், மணல் காத்தை மறிக்கவும் நம்ம கரையோரமா கொண்டுவந்து நட்டது. இப்ப நர்சரில கிறிஸ்மஸ் மரம்னு தொட்டியில விக்கிறாங்களே அரோகேரியா, அதுவும் ஐரோப்பாக்காரங்க வெட்டின ஃபிர்ங்கிற ஊசியிலை மரம் இல்ல, பசிபிக் தீவுகள்ல இருந்து வந்தது. இதுல குறைச்சல் எதுவும் இல்ல. இந்த மரம் வைக்கிற வழக்கத்தை ஆரம்பிச்ச ஜெர்மன்காரங்களும் பக்கத்துக் காட்டுல எது பச்சையா நின்னுச்சோ அதைத்தான் வெட்டினாங்க, நாங்களும் பக்கத்துல நின்னதை வெட்டினோம்.

காலி டப்பா

இப்ப நாங்க இருக்கிறது தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட்ஸ். நூறு வீட்டுக்கு மேல இருக்கு. அசோசியேஷன்ல எல்லாப் பண்டிகையும் நல்லாத்தான் எடுத்துச் செய்வாங்க, கொலு உண்டு, நோன்புக் கஞ்சி உண்டு, கிறிஸ்மஸ்க்கு லாபில மரம் உண்டு. போன தடவை அலங்காரம் பண்ற ஆளுங்ககிட்ட குடுத்துட்டாங்க. பெரிய மரம், தலை சீலிங்ல முட்டுது, முழுக்க சிவப்பும் தங்கமும். அடியில பளபளன்னு தாள் சுத்தி சாட்டின் ரிப்பன் கட்டின டப்பாக்கள், பெருசு சிறுசா அடுக்கி ஒரு மலை மாதிரி. சுத்தி வெல்வெட் கயிறு கட்டி தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு போட்டோ எடுத்துக்கணும். எல்லாரும் எடுத்தோம், நானும் எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

24ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைங்க கேரல் பாடி முடிச்சு, கேக் குடுத்து, பெரியவங்க எல்லாம் அங்கங்க நின்னு பேசிக்கிட்டு இருந்தோம். மூணாவது மாடிப் பையன் ஒருத்தன், ஆறு வயசு இருக்கும், கேட்டுக்குப் பக்கத்துல துணி தேய்க்கிறவங்க மகள், அவளுக்கும் அதே வயசுதான், ரெண்டு பேரும் கயிறுக்கு அடியில புகுந்து உள்ள போயிட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க பால் எதையும் தொடலை, லைட்டை இழுக்கலை. நேரா டப்பாக்கிட்ட போனாங்க. பையன் ஒரு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டான், அந்தப் பிள்ளை டேப்பை நகத்தால கீறி கீறி, தாள் கிழியாம அவ்வளவு பக்குவமா பிரிச்சா. உள்ள ஒரு தெர்மோகோல் துண்டு. அடுத்ததைப் பிரிச்சாங்க, அதுல அதுவும் இல்ல, வெறும் அட்டை. மூணாவதை எடுக்குறதுக்குள்ள யாரோ பாத்துட்டாங்க, நாலஞ்சு பேர் ஓடிப்போய் பிள்ளைங்களை வெளிய தூக்கினாங்க. திட்டலை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "அது ஷோவுக்கு வச்சதுடா கண்ணா, திருப்பிக் குடுக்கணும்." டப்பாவெல்லாம் வாடகை. பையன் யாரையும் பாக்காம மரத்தைப் பாத்துக்கிட்டே கேட்டான், "அப்ப நிஜ கிஃப்ட் எங்க இருக்கு?" அவன்கிட்ட சொல்றதுக்கு அங்க நின்ன ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளை மட்டும் கீழ உக்காந்து, பிரிச்ச தாளை அதே மடிப்புல மடிச்சு, அதே டேப்பை விரலால தேச்சு ஒட்டிக்கிட்டு இருந்தா.

அன்னிக்கு ராத்திரி ஆராதனைக்குப் போயும் எனக்கு மனசு அங்க இல்ல. யாரு பண்ணது தப்புன்னு யோசிச்சேன், யார் பண்ணதும் தப்பில்ல. அலங்காரம் பண்ணவங்க அவங்க தொழிலை ஒழுங்காப் பண்ணினாங்க. அசோசியேஷன் நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க, பிள்ளைங்களுக்குத் தனியா கேக்கும் குடுத்தாங்க. ஆனா அந்த ரெண்டு பிள்ளைங்களும் மரத்தைப் பாத்து நினைச்சதுதான் சரி. மரம் ஒண்ணு நிக்குது, அதுல எல்லாம் தொங்குது, அடியில கட்டிக் கட்டி வச்சிருக்கு, அப்ப அது நமக்குத்தான். எங்க ஊர் கோயில்ல நாங்க அப்படித்தான் நினைச்சோம், அது பொய்யாப் போனதே இல்ல.

அப்புறம்தான் அண்ணன் மகள் வீட்டு விஷயமும் சேந்து ஞாபகம் வந்துச்சு. அவ மகன் ஸ்கூல்ல அட்டை வெட்டி ஒரு தேவதூதன் செஞ்சு கொண்டு வந்தான், பச்சையும் ஊதாவுமா சிறகு, ஒரு பக்கம் சிறகு பெருசு. மரத்துல மாட்டணும்னு நின்னான். அது அந்த வருஷத்து கலருக்குச் சேரலை, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சாங்க. அவனுக்கும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது சந்தோஷம்தான், அழலை. எனக்குத்தான் அந்தச் சிறகு கண்ணுலயே நின்னுச்சு. தீம் வச்சு கட்டுற மரத்துல கட்டி முடிச்சப்புறம் ஒண்ணைச் சேக்கவும் முடியாது, ஒண்ணை எடுக்கவும் முடியாது, எடுத்தா அந்த இடம் ஓட்டையாத் தெரியும். ஒரு பிள்ளையோட கைக்கு அங்க வேலை கிடையாது. என்னை உறுத்தினது இதுதான்.

1570ல, 1605ல

அதுக்கப்புறம் இந்த மரம் எங்க இருந்து வந்துச்சு, முதமுதல்ல அதுல என்ன கட்டினாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஜெர்மனில சபைச் சீர்திருத்தம் பண்ணின மார்ட்டின் லூத்தரைப் பத்தி எல்லாரும் சொல்ற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கலாம், பனிக்கால ராத்திரி, மரக்கிளைக்கு நடுவுல நட்சத்திரம், வீட்டுக்கு வந்து ஒரு மரத்துல மெழுகுவர்த்தி ஏத்தினாருன்னு. அது பிந்தி வந்த கதை. ஏட்டுல இருக்கிறது வேற. ஆல்சேஸ்ல செலெஸ்டான்னு ஒரு ஊர், இப்ப பிரான்ஸ்ல இருக்கு, அந்த ஊர்க் கணக்குப் புத்தகத்துல 1521 டிசம்பர்ல மரங்களைக் காவல் காத்த வனக்காவலர்களுக்கு 4 ஷில்லிங் கூலின்னு எழுதியிருக்கு. காவல் போட வேண்டிய அளவுக்கு ஜனங்க வெட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. மரத்துல ஆப்பிள் கட்டுறதுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. டிசம்பர் 24 அங்க ஆதாம் ஏவாள் நாள். ஏதேன் தோட்டத்து நாடகம் போடணும்னா மேடையில ஒரு மரம் வேணும், பனிக்காலத்துல பச்சையா நிக்கிறது ஃபிர்தான், அதுல ஆப்பிளைக் கட்டி விட்டுருவாங்க.

என்னை நிமிந்து உக்கார வச்சது ஜெர்மனில இருக்கிற ப்ரேமன் ஊர்க்கதை. 1570ல அங்க ஒரு தொழில்காரங்க சங்கத்துக் கட்டடத்துல சின்ன மரம் ஒண்ணு வச்சிருக்காங்க. அதுல ஆப்பிள், பருப்புக்கொட்டை, பேரீச்சம்பழம், பிரெட்ஸல், பேப்பர்ப் பூ எல்லாம் கட்டி, கிறிஸ்மஸ் அன்னிக்கு சங்கத்து ஆளுங்களோட பிள்ளைங்க வந்து பறிச்சுக்கிட்டுப் போகணும். அதைப் படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். கடல் தாண்டி, நானூறு வருஷத்துக்கு மேல முந்தி, எங்க உபதேசியார் கொக்கி போட்டு இறக்கின அதே மரம். 1605ல அதே ஆல்சேஸ்ல இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க் போன ஒரு வழிப்போக்கர் எழுதி வச்சிருக்காரு, இங்க கிறிஸ்மஸ்க்கு வீட்டு அறையில ஃபிர் மரம் வைக்கிறாங்க, பல கலர் தாள்ல வெட்டின ரோஜாப்பூ, ஆப்பிள், அப்பம், ஜிகினா, சர்க்கரை எல்லாம் தொங்க விடுறாங்கன்னு. கலர் பேப்பர், ஜிகினா, மிட்டாய். எங்க கோயில் மரத்துல இல்லாதது ஆப்பிள் ஒண்ணுதான்.

மரம் வேண்டாம்னு சொன்ன ஆளும் அப்பவே இருந்தாரு. யோஹான் கோன்ராட் டான்ஹவர்னு ஸ்ட்ராஸ்பர்க்ல லூத்தரன் இறையியல் பேராசிரியர், பெரிய பிரசங்கியார். 1640கள்ல எழுதினாரு, தேவ வார்த்தையை விட்டுட்டு ஜனங்க செய்யிற அற்ப காரியங்கள்ல இந்த மரமும் ஒண்ணு, அதுல பொம்மையும் சர்க்கரையும் தொங்க விட்டு, அப்புறம் அதை உலுக்கி மொட்டை அடிக்கிறாங்கன்னு. பிள்ளைங்களை கிறிஸ்துங்கிற கேதுரு மரத்துக்கிட்ட கொண்டு போறதுதான் நல்லதுன்னும் சொன்னாரு. கோவத்துல எழுதினவர்தான், ஆனாலும் அவரால எனக்கு ஒரு உபகாரம் நடந்துச்சு. மரத்தை உலுக்கி எல்லாத்தையும் உதுத்து எடுக்கிறதுதான் அன்னிக்கு வழக்கம்னு அவர் எழுத்துலதான் பாத்தேன். ஸ்வீடன்ல அது இன்னும் நடக்குது, ஜனவரி 13 க்னூட் நாள் அன்னிக்கு பிள்ளைங்க மரத்தைச் சுத்தி ஆடிப் பாடி, தொங்குற மிட்டாயெல்லாம் பறிச்சுத் தின்னுட்டு மரத்தை வெளிய தள்ளுவாங்க.

லவுஷாவோட கண்ணாடி

அப்ப எப்ப இருந்து தொடாதேன்னு ஆச்சு? ஒரே நாள்ல ஆகலை. ஜெர்மனில துரிங்கியா மலைக்காட்டுல லவுஷான்னு ஒரு ஊர், 1597ல இருந்து கண்ணாடி ஊதுறதுதான் அங்க பொழப்பு. ஆப்பிளும் கொட்டையும் வாங்கக் காசில்லாத ஒரு ஏழைத் தொழிலாளி, தன் மரத்துக்குக் கண்ணாடியிலயே பழம் ஊதி தொங்க விட்டாருன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க. 1840கள்ல அந்த ஊர்ல மரத்துக்குன்னே கண்ணாடி உருண்டை செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. 1867ல ஊருக்கு கேஸ் வந்ததும் தீயை வேணுங்கிற அளவுக்குக் கூட்டிக் குறைக்க முடிஞ்சுது, உருண்டை இன்னும் மெல்லிசாச்சு. வீட்டுக்கு வீடு தொழில். அப்பா ஊதுவாரு, அம்மா உள்ள வெள்ளிக் கரைசல் ஊத்திக் குலுக்குவாங்க, பிள்ளைங்க கலர் அடிக்கும். எல்லாத்தையும் கூடையில அடுக்கி முதுகுல சுமந்து சோனபெர்க் சந்தைக்குக் கொண்டு போவாங்க. 1880 வாக்குல அமெரிக்காவுல வுல்வொர்த் கடைக்காரர் வாங்கி விக்க ஆரம்பிச்சப்புறம் அது உலகம் பூரா போச்சு. அந்த உருண்டையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஒரு ஊரோட கைவேலை அது. ஆனா மரத்துக்கும் பிள்ளைங்களுக்கும் நடுவுல முதல் கயிறு அங்கதான் கட்டினாங்க. கண்ணாடியைப் பறிச்சுத் திங்க முடியாது, கீழ விழுந்தா காலைக் கிழிக்கும்.

ரெண்டாவது, கரண்டு. மெழுகுவர்த்தி காலத்துல மரத்தை நாள் பூரா எரிய விட முடியாது, வீடே பத்திக்கும். எல்லாரும் வந்து கூடினப்புறம் ஏத்துவாங்க, பக்கத்துல தண்ணி வாளியோட ஒரு ஆள் நிக்கும், பாட்டு பாடி முடிச்சதும் அணைச்சிருவாங்க. மரம் எரியிற அந்தக் கொஞ்ச நேரம் வீட்ல அத்தனை பேரும் அந்த அறையில இருக்கணும். 1882 டிசம்பர்ல நியூயார்க்ல எடிசன் கம்பெனி ஆள் எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்துல சிவப்பு, வெள்ளை, நீலம்னு 80 பல்பு மாட்டினாரு. பயமில்லாம எரிஞ்சுது, அது பெரிய காரியம்தான், எத்தனையோ வீடு தீப்பிடிக்காம தப்பிச்சிருக்கு. ஆனா அதுக்கப்புறம் ஆளே இல்லாத அறையிலயும் மரம் ஒரு மாசம் எரிஞ்சுக்கிட்டு நிக்கலாம்னு ஆயிருச்சு. இப்ப சீனாவுல யீவூ ஊர்ல இருந்து கப்பல் கப்பலா செட்டு செட்டா வருது, அதனாலதான் வருஷத்துக்கு ஒரு கலர் மாத்த முடியுது.

அத்தான் கேட்டது

எங்க அக்கா வீட்டுக்காரர் இப்ப வேற சபைக்குப் போறாரு. அவங்க வீட்ல ஸ்டாரும் கிடையாது மரமும் கிடையாது. டிசம்பர் பொறந்ததும் குடும்ப குரூப்ல பைபிள்ல இருந்து எரேமியா பத்தாம் அதிகாரம் அனுப்புவாரு, காட்டுல மரத்தை வெட்டி, வெள்ளியும் பொன்னும் வச்சு அலங்கரிச்சு, அசையாம ஆணி அடிச்சு நிப்பாட்டுறாங்கன்னு வர்ற வசனம். அடுத்த வசனத்தையும் சேத்துப் படிச்சா அது தச்சன் செதுக்கின விக்கிரகத்தைப் பத்தின பேச்சுன்னு தெரியும், பனை மாதிரி நெட்டையா நிக்கும் ஆனா பேசாதுன்னு வருது. அதை நான் சொல்லிட்டேன், அவரும் பொறுமையாக் கேட்டாரு. அத்தானை நான் லேசா நினைக்கிறதில்ல, நம்புறதை வாழ்ந்து காட்டுற மனுஷன், கிறிஸ்மஸ் காசை அப்படியே ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோய் குடுத்துட்டு வருவாரு. இந்தத் தடவை ப்ரேமன் கதையை அவர்கிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டாரு. "பிள்ளைங்களுக்குக் குடுக்கிறதுதான் காரியம்னா நேரா கையில குடுத்துரலாமே. நடுவுல மரம் எதுக்கு?"

அதுக்கு உடனே பதில் சொல்ல வரலை. பல நாள் யோசிச்சுத்தான் ஒண்ணு எழுதி அனுப்பினேன், அதையே இங்கயும் எழுதுறேன். நேரா கையில குடுத்தா குடுக்கிறவர் முகத்தைப் பாத்துத்தான் ஒரு பிள்ளை வாங்கணும். பெரிய வீட்டு ஐயா குடுத்தாரு, இன்னாரு வீட்டம்மா குடுத்தாங்கன்னு அது காலத்துக்கும் ஞாபகம் இருக்கும். போட்டோ எடுப்பாங்க, வாங்குற பிள்ளை சிரிக்கணும், கும்பிடணும். எங்க கோயில்ல பொட்டலத்துக்குக் காசு போட்டது கடைக்காரர், வாத்தியார், சிங்கப்பூர்ல இருந்த ஒருத்தர்னு பல பேர், யார் எதுக்குப் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. மரத்துல தொங்கினா எல்லாம் ஒண்ணுதான். பனையேறி மகளுக்கும் ஹெட்மாஸ்டர் மகனுக்கும் அதே கலர் தாள், அதே கொக்கி. குடுத்தவர் பேர் அதுல கிடையாது, வாங்குற பிள்ளையோட பேர் மட்டும்தான் சீட்டுல இருக்கும். நடுவுல மரம் நிக்கிறது அதுக்குத்தான், குடுக்கிறவரை அது மறைச்சிருது. வலது கை செய்யிறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு படிச்சதை நான் முதமுதல்ல கண்ணால கண்டது அந்தச் சவுக்குக் கிளையிலதான். அத்தான் அதுக்கு வசனம் எதுவும் அனுப்பலை, "யோசிக்கிறேன்மா"ன்னு மட்டும் போட்டாரு.

இப்ப ஊர்ல

வருத்தமான விஷயம், எங்க ஊர் கோயில்லயும் சவுக்கு நின்னு போச்சு. பெரிய பிளாஸ்டிக் மரம் வாங்கியாச்சு, நல்ல விலை, ஒரே மாதிரி தங்கக் கலர் பால். பரிசு இப்பவும் உண்டு, முன்னைவிட நல்ல பரிசுதான், டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில். ஆனா அது மரத்துக்குப் பக்கத்துல டேபிள்ல அட்டைப்பெட்டியில இருக்கு, டோக்கன் குடுத்து வரிசையில வாங்கணும், குடுத்தவங்க பேரை மைக்ல வாசிக்கிறாங்க. ஊருக்குப் போனப்ப கமிட்டில ஒருத்தர்கிட்ட கேட்டேன், மரத்துலயே கட்டலாமேன்னு. "பிள்ளைங்க இழுத்தா சாஞ்சிரும்க்கா, காசு போட்டு வாங்கினது"ன்னாரு. அவர் சொல்றதும் நிஜம்தான், அந்த மரம் பாரம் தாங்காது, கிளை வெறும் கம்பி. ரெண்டு கிலோ கமர்கட்டை நம்பித் தொங்க விட முடியாத மரத்தை கோயிலுக்கு வாங்கியிருக்கக் கூடாதுன்னுதான் எனக்குத் தோணுது, அவர்கிட்டயும் அதைச் சொன்னேன்.

எங்க வீட்ல நான் மறுபடி சவுக்குக்குப் போயிட்டேன். ஈ.சி.ஆர். பக்கம் தோப்புக்காரங்ககிட்ட சொல்லி வச்சா ஒரு தலை வெட்டிக் குடுக்கிறாங்க. அச்சு முறுக்கை ஓட்டையில நூல் கோத்துத் தொங்க விடலாம், அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், பேப்பர் ரோஜா பக்கத்துல பாத்தா அவ்வளவு அழகு. முந்திரிக்கொத்தை வாழைச்சருகுல கட்டலாம், கலர் செலஃபன்லயும் சுத்தலாம். செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். சவுக்கை 22ஆம் தேதிக்கு முன்னாடி வெட்டாதீங்க, ஈர மணல்ல நட்டாலும் நாலஞ்சு நாள்ல பழுத்து உதிர ஆரம்பிச்சிரும். அப்புறம் எறும்பு. இனிப்பு தொங்குற மரத்துக்கு நம்ம ஊர்ல எறும்பு வராம இருக்காது, டின்னை அப்படியே ஒரு அகலத் தாம்பாளத்துல வச்சு தண்ணி ஊத்திருங்க, அந்தக் காலத்துல பலகாரப் பானைக்கு வச்ச மாதிரி. கிளை எதுவும் சுவரைத் தொடக்கூடாது, தொட்டா அந்த வழியா ஏறிரும்.

ஃபிளாட்ஸ் அசோசியேஷனுக்கும் எழுதிக் குடுத்திருக்கேன். சிவப்பும் தங்கமும் மேல எப்படி வேணா இருக்கட்டும், கீழ ரெண்டு அடுக்கு கிளையை மட்டும் பிள்ளைங்களுக்கு விட்டுருங்க, வாடகை டப்பா வேண்டாம், எத்தனை பிள்ளைங்கன்னு கணக்கு எடுத்து, துணி தேய்க்கிறவங்க, செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வர்றவங்க பிள்ளைங்க எல்லாரையும் சேத்து, பேர் எழுதின பொட்டலம் கட்டுவோம், கட்டுற வேலையை நான் பாத்துக்கிறேன்னு. பால் விழுந்து உடைஞ்சா யார் பொறுப்புன்னு ஒருத்தர், இது லாபி அழகைக் கெடுத்துரும்னு ஒருத்தர், நல்ல யோசனைதான்னு மூணு பேர். அலங்காரக்காரங்களுக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கலை. அடுத்த கூட்டம் ஞாயித்துக்கிழமை, சபைக்குப் போயிட்டு நேரா அங்கதான் போறேன், பிள்ளைங்க பேர் லிஸ்ட்டு பாதி எழுதியாச்சு.